சராசரி வாடிக்கையாளர்

சிங்கப்பூர் ஆற்றங்கரையில், போட் கீ பக்கம், ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருக்கிறது அந்த மியூசிக் பப். பெயர் வேண்டாம். போகிறவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். பக்கவாட்டில் இரண்டு பேர் சேர்ந்து ஏற முடியாத படிக்கட்டு. சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு அந்தப் படியின் அடியில் நின்றால் மேலே என்ன பாட்டு ஓடுகிறது என்று சட்டெனப் பிடிபடாது. டிரம்ஸும் பேஸும் மட்டும் சுவர் வழியாக இறங்கி வந்து நெஞ்சில் இடிக்கும். கதவு திறந்தால்தான் குரல் கேட்கும். தமிழ்க் குரல்.

உள்ளே ஒரு சின்ன மேடை. கீபோர்ட், டிரம்ஸ், பேஸ் கிட்டார், பாட ஓர் ஆண், ஒரு பெண். பாட்டு வேண்டுமென்றால் துண்டுச் சீட்டில் மேசை எண்ணோடு எழுதிக் கொடுக்க வேண்டும். ஒன்பது மணிக்கு மெலடி, பதினொன்றுக்குக் குத்து, பன்னிரண்டரைக்கு மேல் எல்லாரும் சேர்ந்து கத்தும் பாட்டு. பாடகிக்கு மாலை வாங்கிப் போடும் கிளப்புகள் இந்த ஊரில் வேறு உண்டு. இது அந்த வகை இல்லை. வேலை முடிந்து வருகிறவர்கள், பிறந்தநாள் கூட்டம், ஜொகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி வேலைக்கு வரும் மலேசியத் தமிழர்கள், மனைவியை முதல்முறையாக பப்புக்கு அழைத்து வந்து அவரைவிட அதிகமாகக் கூச்சப்படும் கணவர்கள். இவர்கள்தான் கூட்டம்.

எனக்கு இருபத்தெட்டு வயது. என்டியூவில் மெக்கானிக்கல் படித்துவிட்டு, கட்டடங்களுக்கு ஏர்கான், காற்றோட்டக் குழாய் போடும் நிறுவனத்தில் பொறியாளராக இருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் ஆபீஸ் நண்பர்களோடு போகும் இடங்களில் எனக்குத் தெரியாத பாட்டுகளுக்குத் தலையாட்டப் பழகியிருந்தேன். கொவிட் காலத்தில் ஏறக்குறைய ஈராண்டு கடைகளில் நேரடி இசையே கிடையாது. 2022 மார்ச் 29 முதல் மறுபடி அனுமதித்தார்கள். அதற்குச் சில வாரம் கழித்துத்தான் முதல்முறை இந்த பப்புக்குப் போனேன். பாடகர் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார். வங்கிக் கோபுரங்களின் காலடியில், ஊருக்கு நடுவில், ஒரு அறை நிறைய ஆள்கள் தமிழில் கத்தினோம். தொண்டை கட்டிப் போய் வீடு வந்தேன். தூங்குமுன் போனை எடுத்து ஐந்து நட்சத்திரம் போட்டு இப்படி எழுதினேன்: ‘நம்ம ஆளுங்க எல்லாரும் சமமா உணர்ற இடம்.’

அந்த வரி இன்னும் என் பெயரில் இருக்கிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

பிறகு நான் அழைத்துப் போன ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்கோடு திரும்பினார்கள். முதலில் அப்பா. முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். டி.எம்.எஸ். பாட்டு ஒன்றைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். என்னைவிடச் சின்னப் பையன் போலிருந்த பாடகர் வரிகளைப் போனில் பார்த்துப் பார்த்து, ஓரிடத்தில் சறுக்கி, ஆனால் முழுசாகப் பாடி முடித்தார். அப்பா எழுந்து நின்று கை தட்டினார். டாக்ஸியில் வரும்போது சொன்னார்: “பையன் நல்லா பாடுனான். ஆனா பாட்டு கேக்கப் போன எடத்துல பாட்டத் தவிர எல்லாம் கேக்குதுடா.”

என் பல்கலைக்கழகத் தோழி ஒருத்தி. பக்கத்து மேசை ஆசாமி மூன்று முறை எழுந்து வந்து ஆடக் கூப்பிட்டிருக்கிறான். இவள் வாயைத் திறக்கும் முன்பே பரிமாறும் அக்கா கவனித்து மேசையை மாற்றிக் கொடுத்து, கிளம்பும்போது டாக்ஸி வரை கூடவே வந்திருக்கிறார். அவளுக்கு அந்த பப் ஊரிலேயே பாதுகாப்பான இடம். இன்னொரு தோழிக்கும் கிட்டத்தட்ட அதே கதை. ஆனால் அன்று வேறொருவர் வேலையில் இருந்தார். “அவரு ரெகுலர் கஸ்டமர் லா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க” என்று சிரித்தாராம். அவள் அதற்குப் பிறகு அந்தத் தெருப் பக்கமே வருவதில்லை. இருவரும் ஒரே குழுவில் இருக்கிறார்கள். பப் பேச்சு வந்தால் ஒருத்தி உற்சாகமாவாள், ஒருத்தி அமைதியாவாள்.

பில்லைப் பார்த்துக் கோபப்பட்டவர்கள் தனி ரகம். பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் குட்டியாக இரண்டு கூட்டல் குறி இருக்கும். பத்து விழுக்காடு சேவைக் கட்டணம், அதற்கும் சேர்த்து ஒன்பது விழுக்காடு ஜிஎஸ்டி. நூறு வெள்ளிக்குக் குடித்தால் 119 வெள்ளி 90 காசு. இது எல்லாக் கடையிலும் உள்ளதுதான். ஆனால் இரவு ஒன்றரை மணிக்கு, கடைசி ரயில் போன பிறகு, எட்டுப் பேர் பிரித்துக் கட்டும்போது அந்தப் பத்தொன்பது வெள்ளி தொண்ணூறு காசு ஏமாற்று வேலை மாதிரித் தெரியும்.

இந்தக் கலவையான அனுபவங்களுக்கு என்னிடம் ஒரு பொறியாளன் விளக்கம் இருந்தது. அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரே பாட்டு அந்த அறையில் எல்லாருக்கும் ஒரே மாதிரி கேட்பதில்லை. 50 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். கடைவீடோ ஐந்தாறு மீட்டர் அகலம்தான். நீளமான, ஒல்லியான பெட்டி. அலை சுவரில் மோதித் திரும்பி, வரும் அலையோடு சில இடங்களில் கூடும், சில இடங்களில் கழியும். கூடும் இடத்தில் உட்கார்ந்தவருக்கு நெஞ்சு அதிரும். கழியும் இடத்தில் இருப்பவருக்கு பேஸ் கிட்டாரே இல்லாத மாதிரி இருக்கும். நடுவில் இரண்டு எட்டுத்தான் வித்தியாசம். சத்தம் கூடக் கூட மனிதர்கள் தங்களை அறியாமல் குரலை உயர்த்துவார்கள். கூட்டம் கத்தினால் பேண்ட் வால்யூமை ஏற்றும், அதற்கு மேல் கூட்டம் கத்தும். ஒரு நாள் போன் செயலியில் அளந்தேன். மேடையருகே 100 டெசிபெல்லைத் தொட்டது. வேலையிடத்தில் எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபெல் என்பதுதான் வரம்பு. மூன்று டெசிபெல் ஏறினால் நேரம் பாதியாகும். 100 என்றால் பதினைந்து நிமிடம். சைட்டில் ஆள்களுக்குக் காதடைப்பான் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிற நான், அங்கே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

ஐந்து போட்டவர்களும் ஒன்று போட்டவர்களும் ஏறக்குறைய சரிசமமாக இருந்தால் சராசரி மூன்றில் வந்து நிற்கும். மூன்று போட்டவர் ஒருவர்கூட இருக்க மாட்டார். சராசரி வாடிக்கையாளர் என்று ஒருவர் அந்த பப்புக்கு வந்ததே இல்லை. இதை நான் ரசித்துச் சொல்வேன். நண்பர்களும் சிரிப்பார்கள். எல்லாம் எந்த மேசை கிடைத்தது என்பதைப் பொறுத்தது என்று முடிப்பேன். மேசை வரை வந்தவர்களை மட்டும்தான் நான் கணக்கில் எடுத்திருக்கிறேன் என்பது அப்போது தோன்றவில்லை.

எங்கள் சைட்டில் ஓர் அண்ணன் இருந்தார். புதுக்கோட்டைப் பக்கம். டக்ட் போடும் குழுவுக்கு சூப்பர்வைசர். பதினோரு வருடமாக சிங்கப்பூர், வொர்க் பர்மிட். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் “இஞ்சினியர்” என்பார், தனியாக இருக்கும்போது “தம்பி”. நான் வரைபடத்தில் விட்ட தப்புகளை அவர் தனியாக இருக்கும்போதுதான் சொல்வார்.

சின்ன வயதில் ஊரில் மைக்செட் கடையில் வேலை பார்த்தவர். கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் தூக்கியிருக்கிறார். ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில் என் அலைநீளக் கணக்கை அவரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அதான் தம்பி, பேஸ் பாக்ஸ மூலையில வச்சா சும்மா குத்தும். மண்டபத்துல நாங்க ஆளுக்கு ஒரு எடத்துல நின்னு கேட்டுட்டுத்தான் பாக்ஸ எறக்குவோம்.” நான் நாலு வருடம் படித்ததை அவர் தலையில் தூக்கிச் சுமந்து தெரிந்துகொண்டிருந்தார்.

அவருக்கு ராஜா பாட்டு என்றால் உயிர். குறிப்பாக பேஸ் கிட்டார். மற்றவர்கள் பாட்டைப் பாடுவார்கள், இவர் வேலை செய்துகொண்டே பேஸ் போகிற வழியை வாயால் ‘தும் துடும்’ என்று ஓட்டிக்கொண்டிருப்பார். “பாட்டு ஒரு வழியில போவும், இது கீழ தனியா ஒரு வழியில போவும் பாருங்க” என்பார்.

அந்தக் கட்டடத்துக்கு டிஓபி கிடைத்த வாரம், “சனிக்கிழமை வாங்கண்ணே, லைவ் பேண்ட்ல ராஜா பாட்டு கேக்கலாம்” என்று கூப்பிட்டேன். அவர் தயங்கினார். அவர்களின் ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரியும். 2013 டிசம்பர் கலவரத்துக்குப் பிறகு, 2015இல் வந்த சட்டத்தின்படி லிட்டில் இந்தியாவில் வார இறுதி முழுக்கப் பொது இடத்தில் குடிக்கக் கூடாது. தேக்காவில் நண்பர்களைப் பார்ப்பார்கள், சாப்பிடுவார்கள், ஊருக்குப் பணம் அனுப்புவார்கள், பேருந்து பிடித்து டாமுக்குத் திரும்புவார்கள். நான் முதல்முறை அந்த பப்பில் தொண்டை கிழியக் கத்தியபோது, டாமில் இருந்தவர்கள் வெளியே போக அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டியிருந்தது. இதையெல்லாம் நினைத்துத்தான் கூப்பிட்டேன் என்று சொன்னால் பொய். அவருக்கு அந்த பேஸ் கிட்டாரைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

சட்டையை இஸ்திரி போட்டு, கறுப்பு ஷூவுக்குப் பாலிஷ் போட்டு வந்திருந்தார். நான் டீசர்ட், செருப்பு இல்லை என்பதற்காக ஒரு கேன்வாஸ் ஷூ. ராஃபிள்ஸ் பிளேஸ் ஸ்டேஷனில் இறங்கி நடந்தோம். எனக்குத் தெரிந்ததையெல்லாம் அவரிடம் கொட்டினேன். இங்கே பக்கத்தில் சூலியா ஸ்திரீட், இந்த ஆற்றில் முதலில் சரக்குப் படகு தள்ளியவர்களில் பாதிப் பேர் நம் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் இருந்திருப்பார்கள், அந்தப் பக்கம் மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார் கிட்டங்கிகள் இருந்தன என்று. பாதியா இல்லையா என்று எனக்கே தெரியாது, பேச்சு வேகத்தில் வந்தது. “இது நம்ம எடம்ணே” என்றேன். அவர் நிமிர்ந்து வங்கிக் கோபுரங்களைப் பார்த்துவிட்டு, “இதுல ஒண்ணு ரெண்டுல நானும் டக்ட் போட்டிருக்கேன் தம்பி” என்றார்.

படிக்கட்டின் அடியில் பவுன்சர். அவரும் தமிழர்தான். பேச்சில் ஜொகூர் வாடை. என் அடையாள அட்டையைப் பார்த்துத் தலையசைத்தார். அண்ணன் வொர்க் பர்மிட்டை நீட்டினார். பவுன்சர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“சாரி ப்ரோ, இன்னிக்கு மெம்பர்ஸ் நைட்.”

“மெம்பரா? நான் ரெண்டு வருசமா வரேன், மெம்பர்னு ஒண்ணு கேள்விப்பட்டதே இல்லையே. மேசை புக் பண்ணியிருக்கேன். ஃபிரெண்ட்ஸ் மேல இருக்காங்க.”

“நீங்க ஓகே ப்ரோ. நீங்க போலாம்.”

எங்களுக்குப் பின்னால் வந்த நான்கு பேர் ஒதுங்கி மேலே ஏறினார்கள். அவர்களிடம் யாரும் மெம்பரா என்று கேட்கவில்லை. நான் குரலை உயர்த்தினேன். எவ்வளவு உயர்த்தினேன் என்று இப்போது யோசித்தால், மேலே இருப்பவர்களுக்குக் கேட்காத அளவுக்குத்தான். பவுன்சர் என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “எனக்குச் சொன்னத நான் செய்யறேன் ப்ரோ. என்னைய என்ன பண்ணச் சொல்றீங்க?”

அண்ணன் கார்டை வாங்கிப் பர்சில் வைத்தார். “நீங்க போங்க சார். எனக்கு நாளைக்கு ஓவர்டைம் இருக்கு.”

சார்.

மேசைக்கு முன்பணம் கட்டியிருந்தேன். தோழிக்குப் பிறந்தநாள் வேறு. சொல்லிவிட்டு இறங்கி வந்துவிடுவோம் என்று நினைத்தேன். “ரெண்டு நிமிசம்ணே, சொல்லிட்டு வந்துடறேன். வேற எங்கயாச்சும் போவோம்” என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

மேலே போனதும் கேக் வெட்டினார்கள். யாரோ கையில் கிளாஸைக் கொடுத்தார்கள். நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன், சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவனின் காதருகே கத்திச் சொன்னேன். “ஐயோ, பாவம்டா” என்றான். உண்மையாகவே வருத்தப்பட்டான். பிறகு அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது. எழுபதுகளின் கடைசியிலோ எண்பதுகளிலோ வந்த ராஜா பாட்டு. எங்களுக்குக் கிடைத்தது சுவரோர மேசை இல்லை, நடு மேசை. பாடகி அழகாகப் பாடினார். பேஸ் மட்டும் கேட்கவே இல்லை. என் கணக்குப்படி அது அலைகள் கழியும் இடம். அதை நினைத்து, அந்த நேரத்திலும், லேசாகப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

நான் இறங்கியபோது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

போயிருப்பார் என்றுதான் நினைத்தேன். ஆற்றோரம் கல் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு தண்ணீர்ப் புட்டி. என்னைப் பார்த்ததும் எழுந்தார். நான் ஏதேதோ சொன்னேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. நடந்துகொண்டே அந்தப் பாட்டின் பேர் சொல்லி, “அதானே பாடுனாங்க?” என்றார்.

“எப்படிண்ணே தெரியும்? வெளியில குரலே கேக்காதே.”

“குரல் எதுக்கு? பேஸ் வந்துச்சுல்ல. பையன் நல்லா வாசிச்சான். ரெண்டாவது சரணத்துல ஒரு எடத்துல விட்டுட்டான்.”

பக்கத்தில் திறந்திருந்த கடையில் பரோட்டா சாப்பிட்டோம். நான் பவுன்சரைத் திட்டினேன். முதலாளியைத் திட்டினேன். இங்கேயே பிறந்து வளர்ந்த நம் ஆள்களின் மேட்டிமைத்தனத்தைத் திட்டினேன். அவர் என்னோடு சேர்ந்து திட்டவில்லை. “எங்க ஆளுங்களும் சில பேரு குடிச்சா அடங்க மாட்டானுங்க. எங்கயாவது ஒருத்தன் ஏதாவது பண்ணியிருப்பான், அன்னிலேர்ந்து சொல்லி வச்சிருப்பாங்க. அந்தத் தம்பி என்ன செய்வாரு, அவருக்கும் வேலை” என்றார். தேத்தண்ணியை ஆற்றிக் குடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல், சிரித்தபடி சொன்னார்: “ரெண்டு நிமிசம்னீங்க. நாலு பாட்டு போச்சு.”

காசை அவர்தான் கொடுத்தார். விடவில்லை.

மறுநாள் அந்த பப்புக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மரியாதையான பதில் வந்தது. வாடிக்கையாளர்களின் வசதி கருதி அனுமதிக்கும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டு, நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம், அடுத்த முறை வரும்போது எனக்கு ஒரு ஜக் இலவசம். அவருக்கு என்று எதுவும் இல்லை. அவரைப் பற்றிய வாக்கியமே இல்லை.

நண்பர்களிடம் பேசிப் பார்த்தேன். டாக்ஸி வரை கொண்டு விடப்பட்ட தோழி சொன்னது என்னைத் தொந்தரவு செய்தது. “அந்த வாசல்ல ஆள் பார்த்து விடறதாலதான் நான் அங்க பாதுகாப்பா இருக்கேனோ என்னவோ.” இன்னொருத்தி உடனே கேட்டாள், “என்கிட்ட வந்தவன் என்ன பர்மிட்லயா இருந்தான்? அவன் ஐடி மேனேஜரு, ரெகுலர் கஸ்டமரு.” அதற்கு அவளிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. எங்கள் குழு இன்னும் அங்கே போகிறது. நானும் அதற்குப் பிறகு ஒரு முறை போனேன், ஒரு பிரியாவிடைக்கு. படியில் வேறு பவுன்சர் நின்றார். என் அட்டையைப் பார்க்கக்கூட இல்லை.

என் பழைய ஐந்து நட்சத்திரத்தைத் திருத்தப் பலமுறை உட்கார்ந்தேன். ஒன்று போடலாம். அது நியாயமாகவும் இருக்கும், எனக்கு வசதியாகவும் இருக்கும். வாசலில் நடந்ததை மட்டும் எழுதி, மேலே நடந்ததை விட்டுவிடலாம். கோபமான வாடிக்கையாளர்களில் இன்னும் ஒருவனாக வரிசையில் நின்றுகொள்ளலாம். ஆனால் அன்று அவரைத் தடுத்தது பவுன்சர், விட்டுவிட்டு ஏறியது நான். அந்த நாற்பது நிமிடத்துக்கு பப் பொறுப்பில்லை. இரண்டையும் சேர்த்து எழுதி முடித்துப் பதிவேற்றப் போனால், முதலில் நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. எத்தனை என்று தெரியாமல் மூடிவிட்டேன். அதனால் இங்கே எழுதுகிறேன், நட்சத்திரம் இல்லாமல்.

அண்ணன் இப்போது துவாஸில் வேறு சைட். அவ்வப்போது டக்ட் விஷயமாக ஏதாவது கேட்டால் உடனே போன் பண்ணி விளக்குவார். சிரித்துப் பேசுவார், அப்பாவை விசாரிப்பார். போன தீபாவளிக்குக் குரல்செய்தி அனுப்பியிருந்தார். பின்னால் எங்கோ ராஜா பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. “தீபாவளி வாழ்த்துகள் சார். வீட்ல எல்லாரையும் கேட்டதாச் சொல்லுங்க சார்.”

தனியாகப் பேசும்போதும் இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறார்.